பங்கு ஒன்று

தஞ்சைப் பெரிய கோயிலின் வடக்குத் திருச்சுற்றின் வெளிப்புறச் சுவரிலே, முதலாம் ராஜராஜனுடைய 29ஆம் ஆட்சியாண்டு வரையில், அதாவது கி.பி. 1014 வரையில், அக்கோயிலின் பணிகளுக்கென்று அவன் நியமித்த மாந்தர்களின் ஊதியப் பட்டியல் ஒன்று கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகளின் இரண்டாம் தொகுதியில் அது 66ஆம் சாசனமாக அச்சேறியுள்ளது. மன்னர்களின் திக்விஜயங்களையும் பூமிதானங்களையும் எடுத்துரைக்கும் சாசனங்கள் நம் நாட்டில் ஏராளம். ஆனால், ஒரு ஸ்தாபனம் யார் யாரை எந்தெந்த வேலைக்கு அமர்த்திற்று, அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் குடியேறினார்கள், ஆண்டொன்றுக்கு அவர்கள் பெறவேண்டிய நெல் எவ்வளவு, அந்த நெல்லை அளக்கவேண்டிய மரக்கால் எது என்பவற்றையெல்லாம் பகிரங்கமாகச் சுவரில் எழுதிவைத்த சாசனம் மிக அபூர்வமானது. அதன் கவித்துவமற்ற, கணக்குப்பிள்ளைத்தனமான வரிகளை நான் வாசிக்குந்தோறும், ஊதியத்தைப் பற்றி இன்று உலகெங்கும் நடைபெறும் ஒரு பெரிய விவாதத்துக்கான மூலவாக்கியங்களையே வாசிப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

அப்பட்டியலில் முதலில் வருகிறவர்கள் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். திருவாரூர், பழையாறை, திருவையாறு, நாகப்பட்டினம் என்று சோழ மண்டலத்தின் பல்வேறு தலங்களில் ஆடலும் பாடலும் பயின்று சேவை செய்துகொண்டிருந்த இவர்களை, அரசாணையின் பேரில் தஞ்சைக்குக் கொணர்ந்து, கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் ஆளுக்கொரு வீடு கொடுத்துக் குடியமர்த்தினார்கள். தெற்குத் தளிச்சேரித் தென்சிறகு, அதன் தலைவீடு, அதற்கடுத்த இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என்று சாசனம் வீடுவீடாக நடந்துசெல்கிறது. சேரமங்கை, எடுத்தபாதம், சோழகுலசுந்தரி, ஏகவீரி என்று ஒவ்வொருத்தியின் பெயரும், ‘நக்கன்’ என்ற பொது அடைமொழியோடு, அவள் முன்பிருந்த கோயிலின் பெயரையும் முன்னிட்டு எழுதப்படுகிறது. ஒவ்வொரு பெயரின் இறுதியிலும் ஒரே தீர்ப்புத்தான் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது: பங்கு ஒன்று. பங்கொன்றுக்கு ஆண்டுக்கு நெல் நூறு கலம். அளப்பது ‘ராஜகேசரி’ என்ற மரக்காலுக்கு ஒப்பான ‘ஆடவல்லான்’ என்ற மரக்காலால்.

இதில் நான் நெடுநேரம் நின்று யோசித்த இடம் ஒன்றுண்டு. இந்தப் பெண்கள் முன்னர் எங்கே சேவித்தார்கள் என்பதை எழுத மறவாத அந்தக் கணக்கர், அங்கே அவர்கள் என்ன பெற்றுவந்தார்கள் என்பதை எழுதவில்லை. பெருந்தலமான திருவாரூரிலிருந்து வந்தவளும் ஏதோ ஒரு சிற்றூர்த் தளியிலிருந்து வந்தவளும் பழைய இடத்தில் ஒரே அளவு நெல் பெற்றிருப்பார்கள் என்று நம்ப இடமில்லை. ஆயினும் புதிய இடத்தில் இருவர் பெயரின் முடிவிலும் அதே ஒரு பங்கு நிற்கிறது. அவர்களுடைய பூர்வீகம் அடையாளத்துக்காகக் குறிக்கப்படுகிறது. விலையை நிர்ணயிப்பதற்காக அன்று. வேலை இது, இதற்குரிய பங்கு இது, அந்த வேலையைச் செய்ய வந்தவள் எவளாயினும் அவளுக்கு அந்தப் பங்கு என்னும் ஒழுங்கு, நானூறு முறை சலிக்காமல் அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

பெண்டுகளுக்குப் பின் மற்றப் பணிமக்கள் வருகிறார்கள். நட்டவம் செய்வார், வீணை வாசிப்பார், உடுக்கை வாசிப்பார், ஆரியம் பாடுவார், தமிழ் பாடுவார், சங்கு ஊதுவார், குடை பிடிப்பார், விளக்கேற்றுவார், நீர் தெளிப்பார், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், தட்டார், கன்னார், தச்சர், சோதிடர், கணக்கர் என்று ஒரு சிறு நகரமே சுவரில் அணிவகுக்கிறது. இங்கே பங்குகள் சமமல்ல. நட்டவம் செய்வாருக்கு இரண்டு பங்கு, வேறு சிலருக்கு ஒன்றரை, சிலருக்கு முக்கால், சிலருக்கு அரை. தொழிலுக்குத் தொழில் வேற்றுமை உண்டு; ஆனால் அந்த வேற்றுமை இன்னதென்று யாருக்கும் மறைக்கப்படவில்லை. அரைப்பங்குக்காரன் தன் அண்டை வீட்டானுக்கு இரண்டு பங்கு என்பதை அறிந்திருந்தான். அது அநியாயமென்று அவன் கருதினால், எதை எதிர்த்துப் பேசவேண்டும் என்பதாவது அவனுக்குத் தெரிந்திருந்தது.

இதே கோயிலின் மற்றொரு சாசனத்தில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய நியமிக்கப்பட்டவர்கள், உடன் வாசிக்கும் இருவரையும் சேர்த்து, 50 பேர் பேசப்படுகிறார்கள். இவர்களுக்கு ஆள் ஒன்றுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல். பன்னிரண்டு குறுணி ஒரு கலமாதலால், ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்துக்கொண்டு பெருக்கிப் பார்த்தால் அது 90 கலம் ஆகிறது. அதாவது, பதிகம் பாடிய ஆடவனும் சந்நிதியில் ஆடிய பெண்ணும் ஏறத்தாழ ஒரே நிலையில் நின்றார்கள். சற்றே கூடுதலாகப் பெற்றவள் பெண். ஓராயிரம் ஆண்டுக்குப் பிற்பட்ட நான் ஒரு தாளை எடுத்துவைத்துக்கொண்டு இந்த ஒப்பீட்டைச் செய்ய முடிகிறதென்றால், அன்று அத்தெருவில் வாழ்ந்தவர்கள் அதை மனக்கணக்காகவே செய்திருப்பார்கள் அன்றோ? ஊதியத்தை வெளிப்படுத்துவதன் முதற்பயன் இதுதான். நியாயம் உடனே கிடைத்துவிடாது. ஆனால் நியாயத்தைப் பற்றிப் பேசுவதற்கு வேண்டிய கணக்கு எல்லோர் கையிலும் இருக்கும்.

அந்த மூன்று குறுணியும் நூறு கலமும் அளவையின் பெயரோடு கூறப்பட்டிருப்பதையும் கவனிக்கவேண்டும். நெல்லை அளக்கும் மரக்கால் ஊருக்கு ஊர் வேறுபட்ட காலத்தில், ‘நூறு கலம்’ என்று மட்டும் சொல்லி நிறுத்துவது பாதி உண்மையே ஆகும். எந்த மரக்காலால் என்று சொன்னபோதுதான் வாக்கு பூர்த்தியாகிறது. ஆண்டுச் சம்பளம் இத்தனை லட்சம் என்று ஓலையில் எழுதிவிட்டு, வருங்கால வைப்புநிதிக்கு நிறுவனம் செலுத்தும் பங்கையும், பணிக்கொடைக்கென்று ஒதுக்குவதையும், கிடைத்தால் கிடைக்கக்கூடிய ஊக்கத்தொகையையும் அதற்குள்ளேயே அடக்கி, மாதக் கடைசியில் கைக்கு வருவது வேறொரு தொகையாக இருக்கச் செய்யும் இக்காலத்து வழக்கத்தை அறிந்தவர்களுக்கு, மரக்காலின் பெயரைக் கூறிய அந்தச் சோழக் கணக்கரின் நேர்மை விளங்கும்.

இனி இன்றைய தஞ்சாவூருக்கு வருவோம். பழைய பேருந்து நிலையத்தின் தூண்களிலும், கும்பகோணத்துக் கடைவீதிச் சுவர்களிலும், மன்னார்குடியிலும் மயிலாடுதுறையிலும் மின்கம்பங்களிலும் ஒட்டப்பட்டிருக்கும் ‘ஆட்கள் தேவை’ விளம்பரங்களை ஒருவர் நின்று வாசிப்பாராயின், வயது வரம்பு, படிப்பு, முன்னனுபவம், வேலை நேரம், ஆணா பெண்ணா என்பது வரையில் எல்லாம் துல்லியமாகச் சொல்லப்பட்டிருப்பதையும், சம்பளம் என்ற இடத்தில் மாத்திரம் ‘தகுதிக்கேற்ப’ என்றோ ‘நேரில்’ என்றோ எழுதப்பட்டிருப்பதையும் காண்பார். ஜவுளிக்கடைக்கும் நகைக்கடைக்கும் மருத்துவமனைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இதுவே பொதுவழக்கு. கிராமத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்து, ஒரு நாள் வேலையை விட்டுக் காத்திருந்து, கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி முடிந்த பின்னரே, வந்த காரியத்தின் பலன் என்ன என்பதை அந்த மனிதர் அறிய முடிகிறது.

என் உறவுப் பெண் ஒருத்தி, பாபநாசத்துப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள், கணிதத்தில் முதுகலையும் பி.எட்.டும் முடித்தவள், ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை வேலைக்குச் சென்றிருந்தாள். வகுப்பெடுத்துக் காட்டச் சொன்னார்கள், எடுத்தாள். திருப்தி என்றார்கள். பிறகு தாளாளர் கேட்ட முதற்கேள்வி, “இதுக்கு முன்னாடி எவ்வளவும்மா வாங்கிட்டிருந்தீங்க?” என்பது. முந்தைய பள்ளி சிறியது. அங்கே கொடுத்தது சொற்பம். அவள் உண்மையைச் சொன்னாள். “சரிம்மா, அதுக்கு மேல ஆயிரம் போட்டுத் தர்றோம்” என்று தீர்ந்துபோயிற்று. ஓராண்டு கழித்து, அதே வகுப்புகளுக்கு அதே பாடத்தை எடுக்கும் மற்றோர் ஆசிரியர், பெரிய நகரத்துப் பள்ளியிலிருந்து வந்தவர் என்ற ஒரே காரணத்தால், தன்னைவிட ஏறத்தாழ ஒரு மடங்கு அதிகம் பெறுகிறார் என்பதைத் தற்செயலாக அறிந்தபோது, அவள் என்னிடம் சொன்னது இதுதான்: “மாமா, நான் நல்லா நடத்துறேனா இல்லையான்னு அவங்க பார்க்கவே இல்லை, பழைய எடத்துல என்னை என்னன்னு மதிச்சாங்களோ, அதைத்தான் பார்த்தாங்க.”

இந்த ஒரு வாக்கியத்தில் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒருவரை முதன்முதலில் குறைந்த ஊதியத்துக்கு அமர்த்தியவர் ஏழைப் பள்ளிக்காரராக இருக்கலாம். அன்றைக்கு அவருக்கு அவ்வளவே முடிந்திருக்கலாம். அல்லது அவள் பெண் என்பதாலோ, கிராமத்துப் பெண் என்பதாலோ, வேறெந்த ஏற்றத்தாழ்வினாலோ அவர் குறைத்திருக்கலாம். காரணம் எதுவாயினும், பழைய சம்பளத்தின் மேல் ஒரு சிறு தொகையைக் கூட்டுவதே புதிய சம்பளம் என்ற முறை நிலவும் வரையில், அந்த முதல் குறைவு அவளைத் தொடர்ந்து வரும். இரண்டாவது முதலாளி எந்தப் பாரபட்சமும் இல்லாத உத்தமராக இருந்தாலும், முதலாமவருடைய பாரபட்சத்தையே அவர் அறியாமல் புதுப்பித்துக் கொடுக்கிறார். மூன்றாமவர் இரண்டாமவரிடமிருந்து அதைப் பெற்றுக்கொள்கிறார். யாரும் குற்றவாளி இல்லாமலே ஓர் அநியாயம் வாழ்நாள் முழுவதும் நீடிப்பதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து ஃப்ரெஸ்னோ என்ற மாவட்டத்தின் கல்வி அலுவலகத்தில் கணிதக் கல்வி ஆலோசகராக அமர்ந்த ஐலீன் ரிசோ என்ற பெண்மணியின் வழக்கு இதற்கு விசித்திரமான ஒற்றுமை உடையது. அவரும் கணித ஆசிரியை. அரிசோனாவிலே அவர் முன்பு பெற்றுவந்த சம்பளத்தின் மேல் நூற்றுக்கு ஐந்து கூட்டுவது என்ற விதிப்படியே அவருக்கு ஊதியம் நிர்ணயிக்கப்பட்டது. 2012இல் சக ஊழியர்களோடு உணவருந்திக்கொண்டிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஓர் ஆடவர் தமக்குரியதைவிட உயர்ந்த படியில் தொடங்கியிருப்பதை அறிந்தார். முறையிட்டார், பலனில்லை, வழக்குத் தொடுத்தார். ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் அவர் பக்கம் தீர்ப்பளித்து, அத்தீர்ப்பை எழுதிய நீதிபதி அது வெளியாகுமுன் காலமாகிவிட்டார் என்ற காரணத்தால் உச்சநீதிமன்றம் அதைத் திருப்பியனுப்ப, 2020இல் மீண்டும் விசாரித்து அதே முடிவுக்கு வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலையில் ஊதியம் வேறுபடுவதற்கு முந்தைய சம்பளம் நியாயமான காரணமாகாது என்பது அம்முடிவின் சாரம்.

வழக்குகளோடு சட்டங்களும் வந்தன. மாசசூசெட்ஸ் மாநிலம் 2016இல் இயற்றி 2018 முதல் அமலுக்குக் கொணர்ந்த சட்டம், வேலைக்கு ஆளெடுப்பவர் பழைய சம்பளத்தைக் கேட்பதைத் தடுத்தது. நியூயார்க் நகரம் 2017இல் அவ்வாறே செய்தது. 2022 முதல் விளம்பரத்திலேயே ஊதிய வரம்பைக் குறிப்பிட வேண்டும் என்றும் விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 மே மாதத்தில் பிறப்பித்த நெறிமுறை இவ்விரண்டையும் ஒருங்கே கொண்டது: நேர்காணலுக்கு முன்னதாகவே ஊதியம் இன்னதென்று விண்ணப்பதாரருக்குத் தெரிவிக்கவேண்டும், அவருடைய முந்தைய ஊதியத்தைக் கேட்கலாகாது. உறுப்பு நாடுகள் இதைத் தம் சட்டமாக்கிக்கொள்ள 2026 ஜூன் 7 வரை அவகாசம் கொடுக்கப்பட்டது. இரண்டு விதிகளும் உண்மையில் ஒரே விதிதான். வேலை கொடுப்பவர் தம் கையைத் திறக்கவேண்டும். வேலை தேடுபவரின் மடியைச் சோதிக்கலாகாது.

நம் நாட்டில் 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமும், அதைத் தன்னுள் அடக்கிக்கொண்ட 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும், ஒரே வேலைக்கு ஆண் பெண் வேற்றுமை கூடாது என்று கூறுகின்றன. கூறுகின்றனவே தவிர, அந்த வேற்றுமை இருப்பதை ஒரு பெண் எவ்வாறு தெரிந்துகொள்வாள் என்பதற்கு அவை வழி காட்டவில்லை. பழைய நிறுவனத்தின் மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கொண்டுவா என்று கேட்பது இங்கே குற்றமல்ல. பெரிய கம்பெனிகளில் அது விண்ணப்பத்தின் ஓர் அங்கமாகவே ஆகிவிட்டது. ஆனால் அரசாங்க ஊழியத்தில் நிலைமை வேறு. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு, ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் அதிகாரிகளும் ஊழியர்களும் பெறும் மாத ஊதியத்தைக் கேட்காமலே வெளியிடவேண்டும் என்று கட்டளையிடுகிறது. ஆட்சித்தலைவர் முதல் அலுவலக உதவியாளர் வரை யாருக்கு என்ன நிலை, என்ன படி என்பது அரசாணைகளில் அச்சிட்டுக் கிடக்கிறது. அதனால் அரசாங்கம் நிலைகுலைந்துவிடவில்லை. அரசாங்க வேலைக்கு ஆட்கள் வராமலும் போய்விடவில்லை.

அந்தச் சட்டம் பிறந்த கதையும் கூலியிலிருந்தே தொடங்குகிறது என்பதை நாம் மறக்கலாகாது. ராஜஸ்தானத்து வறட்சி நிவாரண வேலைகளில் மண் சுமந்தவர்களுக்குக் குறித்த கூலி கிடைக்காதபோது, மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பினர் வருகைப் பட்டியல்களைக் கேட்டார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற கிராமத்தில் ஊர் மக்கள் முன்னிலையில் அந்தக் கணக்குகளை உரக்க வாசித்தார்கள். தங்கள் பெயரால் எழுதப்பட்ட கூலி எவ்வளவு என்பதை, அந்தக் கூலிக்கு உரியவர்கள் அன்றுதான் காதால் கேட்டார்கள். இவ்வரிசையில் மாநில அளவில் முதன்முதலாகத் தகவல் உரிமைக்கென ஒரு சட்டம் இயற்றியது, 1997இல், தமிழ்நாடுதான்; விதிவிலக்குகள் மிகுந்த சட்டம்தான் என்றாலும் முதற்சட்டம்.

சம்பளத்தைக் கேட்பது நாகரிகமல்ல என்று நம் பெரியோர் சொல்லிவந்திருக்கிறார்களே என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். அந்தப் பண்பாட்டை நான் மதிக்கிறேன். திருமணப் பந்தலிலே ஒருவரை மடக்கி அவர் வருமானத்தை விசாரிப்பது அநாகரிகமே. ஆனால் அந்த மரியாதை சமமானவர்களுக்கிடையே நிலவும் மரியாதை. வேலை கேட்டு வந்தவரின் சம்பள அந்தரங்கத்தைச் சீட்டோடு வெளியிடச் சொல்லிவிட்டு, தன் பெட்டியிலுள்ள தொகையை அந்தரங்கம் என்று சொல்லும் இடத்தில் அந்த மரியாதை ஏற்கெனவே ஒரு பக்கத்தில் முறிந்துவிட்டது.

வேறோர் ஆட்சேபம் இதைவிட ஆழமானது. அதைத் தள்ளிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஊதியத்தை எல்லோரும் அறியும்படி செய்தால், திறமை மிக்கவனுக்கு அதிகம் கொடுக்க முதலாளி அஞ்சுவான். எல்லோருக்கும் கூடுவதற்குப் பதிலாக எல்லோருக்கும் தேங்கிவிடும் என்பது அது. டென்மார்க்கில் 2006இல் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் ஆண் பெண் ஊதிய விவரத்தை அறிக்கையாகக் கொடுக்கவேண்டும் என்று சட்டம் வந்தபோது, இருபாலாருக்கும் இடைப்பட்ட வித்தியாசம் குறைந்தது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் ஆடவரின் ஊதிய உயர்வு மந்தமானதால் நேர்ந்தது என்று ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். நம் கல்வெட்டிலும் இந்தக் குறை உண்டு. சந்திராதித்தர் உள்ளவரைக்கும் என்று கல்லில் வெட்டிய பங்கு, வளராத பங்கு. அரிய கலைஞி ஒருத்திக்கும் சாதாரண ஆட்டக்காரி ஒருத்திக்கும் அங்கே ஒரே நூறு கலம்தான். இது எனக்கு முழுத் திருப்தி தருவதல்ல. ஆயினும், திறமைக்கு அதிகம் கொடுப்பது நியாயமென்றால் அந்தத் திறமை இன்னதென்று பெயர் சொல்லிக் கொடுக்கலாமே. நட்டுவனாருக்கு இரண்டு பங்கு என்று எழுதிய அதே உளி, அவ்வாறு எழுதக் கூசவில்லையே. எழுத முடியாத காரணத்துக்காகக் கொடுக்கப்படும் வித்தியாசம்தான் மறைவை வேண்டி நிற்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, அந்தச் சுவர் சொல்லாமல் விட்டதையும் சொல்லியாகவேண்டும். நானூறு பேருக்கு நூறு கலமென்றால் நாற்பதாயிரம் கலம். அந்த நெல்லை விளைவித்தவர்கள் யார்? இதே கோயிலின் வேறு சாசனங்களில், கோயிலுக்கு இறை செலுத்தவேண்டிய ஊர்களின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வோர் ஊரின் நிலத்தையும் வேலி, மா, காணி, முந்திரிகை, அதற்கும் கீழான நுண்பின்னங்கள் வரை அளந்து, அதிலிருந்து இறை நீங்கிய நிலங்களைக் கழிக்கிறார்கள். ஊர் நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சுடுகாடு, கம்மாணசேரி, பறைச்சேரி. வயலில் இறங்கி நட்டு, களை பறித்து, அறுத்து, போரடித்த கைகள் வசித்த இடம் அங்கே கழிக்கவேண்டிய ஒரு பரப்பளவாக மாத்திரமே வருகிறது. அவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. அவர்கள் பெற்ற கூலி எத்தனை நாழி என்பதும் இல்லை. ஆடியவளுக்கு வீட்டு எண் எழுதிய அரசு, அவளுக்குச் சோறு விளைவித்தவளுக்குப் பெயரும் எழுதவில்லை.

அந்த மௌனம் வெகுகாலம் நீடித்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் இந்த ஜில்லாவின் பண்ணையாளுக்கு, தகப்பன் வாங்கிய கடனும், தகப்பன் வாங்கிய கூலியும், தகப்பன் வேலைசெய்த மிராசுதாரும் ஒருசேரப் பிதுரார்ஜிதமாக வந்தன. பழைய சம்பளத்தை வைத்துப் புதிய சம்பளத்தை நிர்ணயிப்பது என்ற கொள்கை, மனிதனின் பிறப்பு வரைக்கும் பின்னோக்கிச் சென்றுவிட்ட நிலை அது. அவனுடைய கூலி ரகசியமாகவும் இருக்கவில்லை. களத்தில் நெல் தூற்றி முடிந்ததும் எல்லோர் கண்முன்னும்தான் அளந்தார்கள். அடியில் மண்ணோடு தங்கும் களவடி நெல்லையும் எல்லோர் கண்முன்னும்தான் கூட்டிப் பெருக்கி எடுத்துப்போனான். வெளிப்படையாக இருப்பதனாலேயே ஊதியம் நியாயமாகிவிடாது என்பதற்குக் காவிரிப் படுகையின் களத்துமேடே சாட்சி. அறிந்தவனுக்குக் கேட்கும் உரிமை வேண்டும். 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் முதலியோர் அந்த மக்களைச் சங்கமாகத் திரட்டியபோது எழுந்த கோரிக்கைகளில் ஒன்று, கூலியை முத்திரை மரக்காலால் அளக்கவேண்டும் என்பது. ஆடவல்லான் மரக்கால் கோயிலின் பணிமக்களுக்கு 1014இல் கொடுத்த உறுதியை, வயலில் நின்றவன் தொள்ளாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் கழித்து, அடிபட்டும் சாணிப்பால் குடித்தும், கேட்டு வாங்கவேண்டியிருந்தது.

1948இன் மாயவரம் ஒப்பந்தம், 1952இல் ராஜாஜி மந்திரிசபை கொணர்ந்த தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் ஆகியவை கூலியை எழுத்தில் கொணர்ந்தன. பண்ணையாள்களை நீக்கிவிட்டு அன்றாடக் கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டு அச்சட்டத்திலிருந்து நழுவியவர்களும் உண்டு. கூலியில் ஒரு சிறு அளவு நெல் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் ஒரு குடிசையில் எரிந்துபோனார்கள். அதன் பின்னர் கணபதியா பிள்ளை விசாரணைக் குழு அமைந்தது. 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. ஒரு ஜில்லாவின் வயல்கூலியைச் சட்டப் புத்தகத்தில் அச்சிட அந்த விலை கொடுக்கவேண்டியிருந்தது என்பதை எண்ணும்போது, ஊதியத்தை எழுதிக் காட்டு என்று கேட்பது சிறிய கோரிக்கை என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்று அதே வயல்களில் நடவுக்கு வரும் பெண்கள் தனித்தனியே வருவதில்லை. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, ஒருத்தியை முன்னிறுத்தி, ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசுகிறார்கள். பேசிய தொகை அன்று மாலைக்குள் அடுத்த ஊருக்கும் தெரிந்துவிடுகிறது. அந்த ஊரில் அடுத்த நாள் பேச்சு அங்கிருந்து தொடங்குகிறது. போன வாரம் வேறொருவர் வயலில் நீ என்ன வாங்கினாய் என்று கேட்டு அதன் மேல் பத்து ரூபாய் சேர்த்துத் தருகிற மிராசுதாரை இப்போது காண முடியாது. கேட்டால், நாற்று முடி கரையிலேயே கிடக்கும். நெல்லுக்கும் அவ்வாறே ஒரு நியாயம் உண்டு. நேரடிக் கொள்முதல் நிலையத்தின் வாசலில் அந்தப் பருவத்துக்கான குவிண்டால் விலை பலகையில் எழுதியிருக்கிறது. போன வருஷம் வியாபாரியிடம் என்ன விலைக்குப் போட்டாய் என்று விசாரித்து அதற்கேற்ப இந்த வருஷத்து மூட்டைக்கு விலை வைப்பார் எவருமில்லை. நெல்லுக்கும் நடவுக்கும் கிடைத்துவிட்ட இந்த மரியாதை, அதே நடவுக்காரியின் மகள் பட்டம் பெற்றுப் பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் கடைக்கும் வேலை கேட்டுச் செல்லும்போது அவளுக்குக் கிடைக்காமற் போவது பெருங்கொடுமை.

தனியார் பள்ளிகளை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தாலும், மாநில அரசுக்கு இதில் செய்யத் தடையொன்றும் இல்லை. அப்பள்ளிகள் மாணவரிடம் வாங்கவேண்டிய கட்டணத்தை 2009ஆம் ஆண்டின் சட்டப்படி ஒரு குழு நிர்ணயித்து வகுப்பு வாரியாக ஊரறிய வெளியிடுகிறது. அவற்றின் அங்கீகாரத்துக்கு 2018ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. ஆசிரியர் தேவை என்று விளம்பரம் செய்யும் பள்ளி, எந்த வகுப்புக்கு, எந்தப் பாடத்துக்கு, மாதம் இத்தனை ரூபாய், கையில் கிடைப்பது இத்தனை என்று அவ்விளம்பரத்திலேயே எழுதவேண்டும். விண்ணப்பதாரரிடம் பழைய பள்ளியின் சம்பளச் சீட்டைக் கேட்கலாகாது என்று அந்த விதிகளில் இரண்டு வரி சேர்க்கப்படட்டும். பிள்ளையிடம் என்ன வாங்குகிறோம் என்பதை எழுதி ஒட்டுகிற அதே அறிவிப்புப் பலகையில், அந்தப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவளுக்கு என்ன கொடுக்கிறோம் என்பதையும் எழுதி ஒட்ட இடம் இருக்கும்.